நாலு நாள் பச்சை

சிறுசேரியில் ஸ்வாதி பார்க்கும் வேலை என்னவென்று அவளுடைய மாமியாருக்குப் புரியவைக்க யாராலும் முடியவில்லை. ஒன்றும் நடக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு சம்பளமா என்று அந்த அம்மாள் கேட்டது நியாயம்தான். ஏழாவது மாடியில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் வரிசை வரிசையாக வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகள். ஓடிக்கொண்டிருந்தால் பச்சை, படுத்துவிட்டால் சிவப்பு. சிவப்பானதும் யாருடைய முறையோ அவர்கள் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். அவர்கள் போட்டது போட்டபடி ஓட வேண்டும். பச்சையாக இருந்தால் காபி குடிக்கலாம்.

அந்தத் திரையின் கடைசி வரியில் யாரிடமும் சொல்லாமல் ஸ்வாதி சேர்த்துவைத்த வெப்சைட் ஒன்று இருந்தது. அவளுடைய அப்பா நரசிம்மனுடையது. நரசிம்மன் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்து, அணுபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வு பெற்றதும் செங்கல்பட்டில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போனவர். தன்னைப் போல ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு வெப்சைட் நடத்தினார். பென்ஷன் உத்தரவுகள், பழைய சகாக்களின் விலாசம், யாருக்கு என்ன ரத்த வகை, யார் தவறிப்போனார்கள், எல்லாம் அதில் இருக்கும். சம்பளக் கமிஷன் உத்தரவு வந்த அந்த 2008-ஆம் வருஷம், புதுப் பென்ஷன் எவ்வளவு என்று பார்க்க ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் அதில் வந்து விழுந்தார்கள்.

சங்கதி என்னவென்றால், அந்த வெப்சைட் எந்தக் கம்பெனியிலும் இல்லை. அப்பா வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. கரண்ட் போனால் யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும், பிறகு எல்லாம் படுத்துவிடும். கரண்ட் வந்தால் தானாக எழுந்திருக்காது. யாராவது போய்ப் பட்டனை அமுக்க வேண்டும். அம்மா பார்வதம் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்ட அந்த வீட்டில் யாராவது என்றால் அப்பா ஒருவர்தான்.

அம்மா போனபிறகு வீட்டை விற்றுவிட்டுப் படூரில் தங்கள் ஃபிளாட்டுக்கே வந்துவிடும்படி ஸ்வாதி அப்பாவைக் கூப்பிட்டாள். மாட்டேன் என்றார். அவள் ஒன்று சொன்னாள், அவர் ஒன்று சொன்னார், அப்புறம் இரண்டு பேரும் சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிவிட்டார்கள். பிடிவாதத்தில் அவள் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடப் பேச்சோடு சரி. சாப்பிட்டியாப்பா, ஆச்சு, மாத்திரை, ஆச்சு, வெச்சிடறேன்.

ஆனால் தினமும் அவளுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. பத்து மணி பத்து நிமிடத்துக்குப் படுத்தது. பன்னிரண்டு நாலுக்கு எழுந்தது. மின்வெட்டு பன்னிரண்டுக்கு முடிகிறது என்றால், அப்பா சமையலறையிலிருந்து எழுந்து வந்து பட்டனை அமுக்கி, கம்ப்யூட்டர் கண் விழிக்க நாலு நிமிடம். பன்னிரண்டு இருபது என்றால் கீரை வாங்கப் போயிருக்கிறார். ஒருமுறை நாற்பது நிமிடம் ஆகிவிட்டது, உடனே போன் செய்தாள். "தபால் ஆபீஸ் போயிருந்தேன், என்ன விஷயம்?" என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். தான் இப்படி ஒட்டுக்கேட்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அத்தனை ரோஷம்.

இதைக் கெடுத்துக்கொண்டதும் அவளேதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெரிய வாடிக்கையாளரோடு மீட்டிங். அன்றைக்குப் பார்த்துச் செங்கல்பட்டில் கரண்ட் விளையாட்டுக் காட்டியது. ஸ்வாதியின் போன் மூன்று தடவை கத்தியது. டீம் லீடர் ரோஹித் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோட சர்வர் இது, இவ்வளவு கேவலமா இருக்கு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவை யாரோ நடுச்சபையில் வைத்து ஏசியது போல அவளுக்கு முகம் எரிந்தது.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு ஒரு மெயில் எழுதினாள். வெப்சைட்டை வாடகைக்கு வைத்துக்கொள்ளும் ஹோஸ்டிங் கம்பெனியை விலை பார்த்து எடுக்காதே, அவர்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வருகிறதா, ஜெனரேட்டர் உண்டா என்று பார்; எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் மனுஷன் எடுக்கிறானா என்று ஒருதரம் கூப்பிட்டே பார்; நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் செய்கிறவனை நம்பாதே, போன மாதம் எத்தனை நிமிடம் படுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்கிறவனை நம்பு. இப்படி எழுதி, தேறிய மூன்று கம்பெனிகளின் பெயரையும் போட்டு, கடைசியில் 'இந்த ஓட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு எல்லாரையும் கஷ்டப்படுத்தாதே' என்றும் ஒரு வரி சேர்த்தாள். அந்தக் கடைசி வரி தேவையே இல்லை. அப்பா பதில் போடவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் போன் வாயை மூடிக்கொண்டது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஆபீஸில் அந்த வாரம் தலைபோகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை போன்கூடச் செய்யவில்லை. திரையில் கடைசி வரி பச்சையாக இருந்தது, அதைப் பார்த்துவிட்டு அவள் வேறு வரிகளைப் பார்க்கப் போய்விட்டாள். பச்சை என்றால் நல்லது என்று பழகின கண்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ரேணுகா ஷிஃப்டுக்கு வந்தாள். செங்கல்பட்டுக்காரி, தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். சுடிதார் முழுக்கச் சுருக்கம்.

"இன்னா பேஜாரு புட்ச்ச கரண்ட்டுப்பா இது! துணிக்கு இஸ்திரி போட முடில, மாவு ஆட்ட முடில. காலைல பத்துலேந்து பன்னெண்டு, சாய்ங்காலம் அஞ்சுலேந்து ஏழு. ஒரு நாள் தவற மாட்றான்."

"உங்க ஏரியாலதான் அப்படி இருக்கும்" என்றாள் ஸ்வாதி சிரித்துக்கொண்டே.

"எங்க ஏரியா இன்னா, ஊரு முச்சூடும்தான். உங்க அப்பா வூடு கீதே, அந்தத் தெரு வழியாத்தான் நேத்து லீவுல ஆறரைக்கு நடந்து வந்துகினு இருந்தேன். கும்மிருட்டு. கால் வெக்கவே பயமா இருந்திச்சு."

ஸ்வாதி சிரித்த வாயோடு திரையைப் பார்த்தாள். கடைசி வரி பச்சை. பக்கத்தில், இந்த நான்கு நாளில் எத்தனை சதவீதம் ஓடியது என்ற எண். நூறு.

நூறாக இருக்க முடியாது. தினமும் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில், பத்து நிமிடம் தாங்குகிற யு.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு, நூறு எப்படி வரும்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் சர்வருக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பார்த்தாள். அதன் பதில் செங்கல்பட்டிலிருந்து வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரம் அவளுக்கு மனப்பாடம். இன்றைக்கு அதைப்போல ஏழு மடங்கு நேரம் எடுத்தது. பதில் கடல் தாண்டி வருகிறது. விலாசத்தைத் தேடினாள். அமெரிக்கா. அவள் எழுதிய மூன்று பெயர்களில் முதல் பெயர்.

அப்பா அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார். ஆயுசில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார்.

ஒரு நிமிடம் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த நிமிடம் அது நின்றுவிட்டது. அப்படியானால் நாலு நாளாகப் பட்டனை யாரும் அமுக்கவில்லை. அமுக்கத் தேவையே இல்லை. எங்கோ ஓர் ஊரில் ஜெனரேட்டர் வைத்த கட்டடம் ஒன்று சௌக்கியமாக இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பச்சை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடியும் செய்தாள். அப்பாவிடம் ஒரு செல்போன் உண்டு. பேட்டரி வீணாகும் என்று அதை அணைத்தே வைத்திருப்பார். அதையும் கூப்பிட்டாள், அணைந்துதான் இருந்தது. வெப்சைட்டைத் திறந்தாள். கடைசியாகச் சனிக்கிழமை மாலை ஏதோ அறிவிப்புப் போட்டிருக்கிறார். சனிக்கிழமைக்குப் பிறகு அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல இந்த உலகத்தில் அவளிடம் எந்தச் சாட்சியும் இல்லை.

"ரேணுகா, அப்பா போன் எடுக்கல."

"கடைக்குப் போயிருப்பாரு."

"இல்ல ரேணுகா. எனக்கு என்னமோ பண்ணுது."

ரேணுகா அவள் முகத்தைப் பார்த்தாள். தானே போய் ரோஹித்திடம் சொல்லி, கம்பெனி வண்டி ஒன்றையும் பிடித்துவிட்டாள். வண்டி ஓட்டியவர் துரை, கேளம்பாக்கத்துக்காரர், நாற்பது வயது, வாய் ஓயாதவர்.

கேளம்பாக்கம் முனையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் நகரவில்லை. ஸ்வாதி போனை அமுக்கிக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். துரை கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா மேடம், அப்பா தனியா கீறாரா?"

"ஆமா."

"மழைக்கு லைன் செத்திருக்கும் மேடம். எங்க வூட்டு போன்லாம் நாலு தூத்தல் வுழுந்தாலே பூடும்."

"மணி அடிக்குதுங்க. அடிச்சுக்கிட்டே இருக்கு."

திருப்போரூர் கோயில் கோபுரம் மழையில் மங்கலாகத் தெரிந்தது. சாமி கும்பிடுவதை விட்டு வருஷக்கணக்காகிவிட்ட ஸ்வாதி, முருகா, முருகா என்று வெட்கமில்லாமல் முணுமுணுத்தாள். மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றாள். வீட்டைப் பற்றி இனிப் பேச மாட்டேன் என்றாள். அதற்கப்புறம் வந்த சாலை குறுகல். கருங்கல் ஜல்லி ஏற்றிய லாரிகள் முன்னால் வரிசையாக ஆடிக்கொண்டு போயின. ஒவ்வொன்றையும் தாண்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள். பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது எதைச் சோதித்துவிட்டுப் பச்சை என்கிறது என்று முதலில் கேளுங்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். அதை நினைத்தபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்பா வெந்நீர் வைக்கும்போது மயங்கியிருப்பாரோ, மாடிப்படியில் தடுக்கியிருப்பாரோ, எப்போது, சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் போன் செய்யாத ஞாயிற்றுக்கிழமை. மனசு நிற்காமல் ஒவ்வொரு அறையாகப் போய் அப்பாவைக் கிடத்திப் பார்த்தது. அவள் கண்ணை மூடினாலும் அது நிற்கவில்லை.

ராட்டினங்கிணறு தாண்டித் தெருவுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. காலைப் பேப்பர் கேட்டில் செருகினபடி மழையில் ஊறிக் கிடந்தது. ஒரே ஒரு பேப்பர். நேற்றுப் பேப்பரை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணம்தான் அன்றைக்கு அவள் மூச்சுவிட்ட கணம்.

எதிர்வீட்டு வாசலில் ஒதுங்கி நின்ற கன்னியம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அப்பா வீட்டில் காலையில் பாத்திரம் தேய்க்கிறவள்.

"வாம்மா. நேத்துக் காலீல நல்லாத்தான் இருந்தாரு. இன்னிக்கு வந்து தட்னேன், தொறக்கல. நவம்பரு மாசமாச்சே, உசுரோட கீறேன்னு பேங்க்குல கையெழுத்துப் போடப் பூட்டாருன்னு நெனச்சுகினு போய்ட்டேன்."

பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் பேங்க்குக்குப் போய்த் தலையைக் காட்டி, உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கன்னியம்மா நினைத்ததில் தப்பில்லை. ஆனால் ஸ்வாதி வராந்தாவைப் பார்த்தாள். கிரில்லுக்கு உள்ளே அப்பாவின் செருப்பு இருந்தது. ஆணியில் குடை தொங்கியது. இருப்பதே ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு.

"துரை!" என்று அவள் கத்தின கத்தலில் பக்கத்து மரத்தில் இருந்த காக்கை பறந்தது. துரை பின்பக்கம் ஓடினார். மதில் ஏறிக் குதித்துக் கொல்லைக் கதவைத் தோளால் இடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. தகரத் தாழ்ப்பாள் தெறித்தது. வீட்டுக்குள் குறுக்கே ஓடி வந்து அவர் முன்கதவைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"அப்பா" என்றாள் வாசலில் நின்றபடி. "அப்பா!"

"யாரு?"

உள்ளேயிருந்து, குளியலறைப் பக்கத்து நடையிலிருந்து, தேய்ந்துபோன ஒரு குரல். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் ஸ்வாதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தபடியே எழுந்திருக்கத் தெரியாமல் தவழ்ந்து போனாள்.

நரசிம்மன் நடையில் மல்லாந்து கிடந்தார். வலது கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. இடுப்பில் சுற்றிய துண்டு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. கன்னியம்மா ஐயோ ஐயோ என்று அழுதுகொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். துரை நூற்றியெட்டுக்குப் போன் செய்து, ஆம்புலன்ஸுக்கு வழி காட்டத் தெருமுனைக்கு ஓடினார். ஸ்வாதி அப்பாவின் தலையைத் தொடவும் பயந்து, தொடாமலிருக்கவும் முடியாமல், விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அவர் உதட்டில் வைத்தாள்.

"எப்பப்பா விழுந்தே?"

"நேத்து ஏழு மணிக்கு. கை கால் கழுவிட்டிருந்தேன். கரண்ட் வந்துது. ஈரக்காலோட ஓடினேன்."

"எதுக்குப்பா ஓடணும்?"

"பட்டனைப் போடத்தான். அஞ்சு நிமிஷம் தாமதமானா நீ பயந்துடுவியே."

ஸ்வாதியின் விரல் அப்படியே நின்றது. "நான் பார்க்கறது உனக்குத் தெரியுமா?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் உன் ஆபீஸ்லேர்ந்து எட்டிப் பார்த்துட்டுப் போறது என் பெட்டியிலேயே பதிவாகுதேம்மா. ரெண்டு வருஷமாப் பதிவாகுது." சிரிக்கப் பார்த்தார், வலி விடவில்லை. "உன் மெயிலைப் படிச்சதும் சங்கடமாப் போச்சு. ஓயாம மெசேஜ் வந்து உனக்கு ஆபீஸ்ல தொந்தரவு போலன்னு நெனச்சேன். அதான் வெள்ளிக்கிழமை நீ சொன்ன எடத்துக்கே மாத்திட்டேன். மாத்தினது மண்டையில ஏறிச்சு, கால்ல ஏறல. கரண்ட் வந்தா அது தானா ஓடுது."

"பேசாதேப்பா. ஆம்புலன்ஸ் வந்துடும்."

"விழுந்ததும் முதல்ல எனக்குப் பயமே இல்ல, தெரியுமா? பட்டன் போடலையே, இந்நேரம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், போன் பண்ணுவா, எடுக்கலேன்னா கிளம்பிடுவா, ஒன்பது மணிக்குள்ள வந்துடுவான்னு கணக்குப் போட்டுக்கிட்டுச் சும்மா படுத்திருந்தேன். எட்டு மணி வாக்குலதான் ஞாபகம் வந்துது. வெப்சைட் இப்ப இங்க இல்லையே, அது ஓடிக்கிட்டேதானே இருக்கும், உனக்கு ஒண்ணும் தெரியாதேன்னு." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அம்மா போன அன்றைக்குக்கூட யார் கையையும் பிடித்ததில்லை. "அதுக்கப்புறம் பயந்துட்டேன்மா. ரொம்பப் பயந்துட்டேன்."

தெருமுனையில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. ஸ்வாதி அப்பாவின் கையை விடாமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று எட்டு மணிக்கு அவள் படூரில் புருஷன் அபிஷேக்குக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வாரம்தான் போன் கத்தாம நிம்மதியா இருக்கேன், அப்பா தொல்லையே இல்ல என்று அவனிடம் சொன்னாள். அவன்கூட நல்லது என்றான். அதை அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அப்போது அவளுக்கு வாய் வரை வந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை, அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் சொல்லவில்லை.